உங்களுக்குத் தெரியுமா? கையால் இழுக்கும் எஸ்பிரெஸோ

இத்தாலிய எஸ்பிரெஸோ காபியை பம்ப் இல்லாமல் கை பலத்தாலேயே இறக்கும் இயந்திரம்தான் லீவர் மெஷின். ஒரு பாய்லர், ஒரு பிஸ்டன், ஒரு நீண்ட கைப்பிடி, இவ்வளவுதான் அதன் உடம்பு. ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவர் எவரும் இதை ஆயுள் முழுக்கத் தானே பார்த்துக்கொள்ளலாம். சூடு, ரப்பர், தண்ணீர் மூன்றையும் புரிந்துகொண்டால் போதும்.

★ எஸ்பிரெஸோவுக்குச் சுமார் 9 பார் அழுத்தம் வேண்டும். கிட்டத்தட்ட 90 மீட்டர் ஆழத் தண்ணீரின் அடியில் இருக்கும் அழுத்தம் அது. பிஸ்டனின் விட்டம் 50 மில்லிமீட்டர் என்று வைத்துக் கணக்குப் போட்டால், காபித்தூள் மேல் விழும் பாரம் ஏறக்குறைய 180 கிலோ! கைப்பிடி நம் விசையைப் பத்து மடங்காக்கித் தருகிறது என்று கொண்டால், கை கொடுக்க வேண்டியது 18 கிலோ. அது எவ்வளவு என்று கைக்குப் பிடிபட ஒரு வழி உண்டு. எடை பார்க்கும் மெஷினை மேசைமேல் வைத்து, முள் 18-ஐத் தொடும் வரை உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். அந்த அழுத்தத்தை அரை நிமிடம் சீராகப் பிடித்து நிற்பதுதான் இந்த வேலையின் முதல் பாடம்.

★ காபியின் மேல் மிதக்கும் பொன்னிற நுரையான க்ரெமா, லீவர் தந்த கொடை. 1901-இல் மிலான் நகரின் லூயிஜி பெட்ஸெரா காப்புரிமை பெற்ற இயந்திரம் நீராவியின் அழுத்தத்தில் ஓடியது. ஒன்றரை பாரைத் தாண்டுவதே அதற்குக் கஷ்டம். காபி கருகிக் கசந்தது. அதே மிலானில் காபி பார் நடத்திவந்த அகில்லே காஜியா, 1938-இல் திருகு பிஸ்டனுக்குக் காப்புரிமை கேட்டார். போர் முடிந்தபின் 1947-இல் ஸ்பிரிங் வைத்த லீவராக அதை மாற்றினார். அழுத்தம் ஒரே தாவலில் பல மடங்கு ஏறியது, கோப்பையில் நுரை வந்தது. இன்று அந்த நுரை இல்லாவிட்டால் எஸ்பிரெஸோ என்றே யாரும் ஒப்புக்கொள்வதில்லை.

★ பாய்லரில் 0.8 பார் காட்டும்போது உள்ளே தண்ணீரின் சூடு சுமார் 117 டிகிரி. காபிக்கு வேண்டியதோ 90 முதல் 96 வரைதான். நடுவில் இருக்கும் இருபத்துச் சொச்சம் டிகிரியை எது தின்கிறது? பிஸ்டன் இருக்கும் அந்தக் கனத்த பித்தளைத் தலைதான். அதற்கு ‘குரூப்’ என்று பெயர். குளிர்ந்த உலோகத்தைத் தொட்டுத்தான் வெந்நீர் காபிக்குப் போகிறது. ஆகவே லீவர் மெஷினில் காபியின் சூடு என்பது குரூப்பின் சூடுதான். இதை விளங்கிக்கொண்டவருக்குப் பாதி வேலை முடிந்தது.

★ முதல் காபி புளிக்கிறது, இரண்டாவது அருமை, மூன்றாவது கசக்கிறது. வீட்டு லீவர் மெஷின் வைத்திருப்பவர்கள் அடிக்கடி சொல்லும் புகார் இது. தூளில் குற்றமில்லை. ஒவ்வொரு கோப்பைக்கும் குரூப் சூடேறிக்கொண்டே போகிறது. சிறிய பாய்லரோடு நேரடியாக ஒட்டியிருப்பதால் ஆற அவகாசமில்லை. சூட்டுக்கு நிறம் மாறும் ஸ்டிக்கர் ஒன்றைக் குரூப்பில் ஒட்டிவிட்டால் ஊகம் தேவைப்படாது. சூடு மிஞ்சிவிட்டதா? ஈரத்துணியைக் குரூப்பில் சுற்றி எடுங்கள், அல்லது போர்ட்டாஃபில்டரைக் குழாய்த் தண்ணீரில் காட்டிவிட்டு மாட்டுங்கள். தூள் போட்டுக் குரூப்பில் பூட்டுகிற, கைப்பிடி வைத்த கிண்ணம்தான் போர்ட்டாஃபில்டர். காலையில் முதல் கோப்பைக்கு இதற்கு நேர்மாறு: தூள் இல்லாமல் ஒருமுறை வெந்நீரை இறக்கிக் குரூப்பைச் சூடாக்கிக்கொள்ள வேண்டும்.

★ மெஷின் சூடேறியதும் பிரஷர் முள் நிமிர்ந்துவிட்டதே என்று நம்பிவிடாதீர்கள். பாய்லருக்குள் சிக்கிய காற்றும் சூட்டில் விரிந்து முள்ளைத் தள்ளும். இது பொய் அழுத்தம். நீராவிக் குழாயைச் சில நொடிகள் திறந்து, காற்று வெளியேறி வெள்ளை ஆவி சீறும் வரை விட்டு மூடுங்கள். முள் சட்டென்று விழுந்து, மறுபடி ஏறும். இரண்டாம் முறை ஏறுவதுதான் உண்மையான கணக்கு. குக்கரில் ஆவி நன்றாக வந்தபிறகு வெயிட் போடுகிறோமே, காரணம் அதேதான்.

★ பாய்லர் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் பிரஷர்ஸ்டாட்டின் தலையில் ஒரு சிறிய திருகு இருக்கும். அதைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பி, மெஷினை இரண்டு மூன்று முறை சூடேறி அணையவிட்டு, முள் எங்கே நிற்கிறது என்று பார்த்துத்தான் அடுத்த திருப்பு. வெறும் காபி மட்டும் குடிப்பவர் 0.7-க்குக் குறைத்துக்கொண்டால் குரூப் சீக்கிரம் சூடு மிஞ்சாது. பாலில் நுரை கட்ட வேண்டுமென்றால் ஒன்றை நெருங்க வேண்டியிருக்கும். பிரஷர்ஸ்டாட்டை மறைக்கும் மூடியைக் கழற்றுமுன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது. பிரஷர்ஸ்டாட்டின் முனைகளில் 230 வோல்ட் ஓடுகிறது.

★ சரி, இப்போது ரப்பருக்கு வருவோம். லீவர் மெஷினில் பழுது என்று சொல்வதில் பெரும்பங்கு ரப்பர் வாஷர்தான்.

பரவலாகப் பயன்படும் லா பவோனி மெஷினையே எடுத்துக்கொள்ளலாம். பிஸ்டனில் இரண்டு வாஷர்கள், மேலும் கீழுமாக, தனித்தனிப் பள்ளங்களில் உட்கார்ந்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் உதடு மாதிரி விரிந்த விளிம்பு. மேல் வாஷரின் உதடு மேலே பார்க்க வேண்டும். அது பாய்லர் தண்ணீரைத் தடுக்கிறது. கீழ் வாஷரின் உதடு கீழே பார்க்க வேண்டும். அது நாம் அழுத்தும்போது காபித் தண்ணீர் மேலே தப்பாமல் காக்கிறது. அழுத்தம் கூடக் கூட உதடு சுவரோடு இன்னும் இறுகும்படி அமைந்த அழகான வடிவமைப்பு இது. திருப்பிப் போட்டுவிட்டால் அழுத்தமே உதட்டை மடக்கிவிடும். புது வாஷரும் ஒழுகும்.

தேய்ந்த வாஷரைக் கழற்றிக் கையில் வைத்துப் பாருங்கள். விரலால் வளைத்தால் வளையாது, நகம் அழுந்தாது. உதட்டின் ஓரம் கூர்மை போய் மழுங்கியிருக்கும். பிஸ்டனின் பள்ளத்தில் காபி எண்ணெய் தார் போலக் கறுத்து ஒட்டியிருக்கும். அதை மரக்குச்சியால் சுரண்டி எடுங்கள். ஸ்க்ரூடிரைவர் முனையால் தோண்டினால் விழும் கீறல், அடுத்த ஒழுகலுக்கு வழி.

★ அந்த வாஷர்கள் கெட்டுவிட்டன என்று முன்கூட்டியே எப்படித் தெரியும்? கைப்பிடி இறங்கும்போது கிரீச்சிடும், அல்லது விட்டு விட்டு இறங்கும். கைப்பிடி கீழே இருக்கும்போதே குரூப்பிலிருந்து சொட்டினால் மேல் வாஷர். பிஸ்டன் தண்டு மேலே வெளிவரும் இடத்தில் நீர் கசிந்தால் தண்டைச் சுற்றியுள்ள வாஷர். எங்கே ஈரமோ அங்கே நோய்.

★ புது வாஷருக்குத் தடவ வாசலின் ஆகாது! கார், பைக் கிரீஸும் ஆகாது. பெட்ரோலிய எண்ணெய் பட்டால் இந்த வகை ரப்பர்களில் பல ஊதிப்போய் மென்மையாகி அழியும். உணவுக்குப் பாதுகாப்பான சிலிகோன் கிரீஸ்தான் சரி. அதையும் பட்டாணி அளவு எடுத்து, மெல்லிய படலமாகத் தடவினால் போதும். கைப்பிடி அசையும் பின்களுக்கும் இதே கவனம் வேண்டும்; காய்ந்துபோன பின் தானும் தேய்ந்து, தான் நுழைந்த துளையையும் தேய்த்துவிடும். பின் மலிவு, துளை விழுந்த கைப்பிடி விலை அதிகம்.

★ போர்ட்டாஃபில்டரைக் குரூப்பில் மாட்டித் திருப்பினால் கைப்பிடி எங்கே போய் இறுகுகிறது? நேராக நம்மை நோக்கி நின்றால் நலம். அதைத் தாண்டி வலப்பக்கம் போய்க்கொண்டே இருந்தால் அங்குள்ள வட்ட வாஷர் நசுங்கிவிட்டது என்று பொருள். மாற்றும் வரை இன்னும் முறுக்கி முறுக்கி ஓட்டுவது வேண்டாம். போர்ட்டாஃபில்டரைத் தாங்கும் காதுகள்தான் தேயும்.

★ பம்ப் வைத்த மெஷின்களில் ஓட்டையில்லாத கிண்ணம் மாட்டி, கழுவும் பவுடர் போட்டுப் பின்னோக்கி அலசும் பழக்கம் உண்டு. லீவர் மெஷினில் அதைச் செய்யவே கூடாது. அந்த அலசலுக்கு அழுத்தத்தை வடிகாலில் தள்ளிவிடும் வால்வு ஒன்று தேவை. இங்கே அது கிடையாது. அடைபட்ட அழுத்தம் போக இடமின்றி வாஷர்களைத்தான் பதம் பார்க்கும். இங்கே சுத்தம் என்றால் கழற்றிக் கழுவுவதுதான். குரூப்பின் அடியில் உள்ள சல்லடைத் தகட்டை எடுத்து வெந்நீரில் ஊறவைத்துத் தேய்த்தால் போதும்.

★ காபி இறங்கியதும் போர்ட்டாஃபில்டரை அவசரமாகக் கழற்றினால் சூடான தூள் நாலாபக்கமும் தெறிக்கும். தூள் வில்லைக்கு மேலே இன்னும் அழுத்தம் தேங்கியிருப்பதுதான் காரணம். கொஞ்ச நேரம் காத்திருங்கள். பிறகு இம்மி இம்மியாக இடப்பக்கம் திருப்பி, ‘உஸ்’ என்ற சத்தம் அடங்கியபின் கழற்றுங்கள். இதில் எத்தனை அவசரமான காலையாக இருந்தாலும் விட்டுக்கொடுக்க முடியாது. முகத்துக்கு நேராகத் தெறிக்கக்கூடியது.

★ லீவரில் இரண்டு ஜாதி உண்டு. நம் கையே அழுத்துவது ஒன்று. லா பவோனியும், 1967 முதல் வரும் சுவிட்சர்லாந்தின் கிரெமினாவும் இவ்வகை. மற்றது ஸ்பிரிங் வகை. கைப்பிடியைக் கீழே இழுத்தால் ஸ்பிரிங் சுருங்கும், விட்டதும் அதுவே விரிந்து காபியை அழுத்தும். கழுகுப் பொம்மை உச்சியில் நிற்கும் எலெக்ட்ரா மைக்ரோ காஸா இந்த ரகம். ஸ்பிரிங் விரிய விரிய அதன் வலு குறையும், அழுத்தம் உச்சத்தில் தொடங்கி மெல்ல இறங்கும். காபியின் சத்தெல்லாம் முதலில் வந்துவிடுவதால், கடைசிப் பகுதியில் அழுத்தம் தணிவது சுவைக்கு நல்லது. லீவர் காபி வாயில் மெத்தென்று படுவதற்கு இதைத்தான் பலரும் காரணமாகச் சொல்கிறார்கள். நானும் அந்தக் கட்சிதான்.

★ ஸ்பிரிங் வகையில் ஓர் எச்சரிக்கை. தூள் போடாமல் ஸ்பிரிங்கை இழுத்துவிட்டுக் கையை எடுத்தால் தடுக்க எதுவும் இல்லாமல் கைப்பிடி மேலே பாயும். தாடையை உடைக்கும் வேகம் அது. தூள் மிகவும் கொரகொரப்பாக இருந்தாலும் இதே ஆபத்துதான். ஸ்பிரிங் குரூப்பைப் பிரிப்பது, அதற்குரிய கருவி இல்லாதவர் கை வைக்கக் கூடாத ஒரே வேலை. உள்ளே அந்த ஸ்பிரிங் எப்போதும் சுருங்கியே காத்திருக்கிறது.

★ கையால் அழுத்தும் வகையில் கைப்பிடியே தூளின் பதத்தைச் சொல்லிவிடும். வெண்ணெயில் இறங்குவதுபோல் வழுக்கினால் தூள் பெரிது. முழு பலம் கொடுத்தும் நகரவில்லையென்றால் மிக நைசு. அப்போது உடம்பைச் சாய்த்து அழுத்தாதீர்கள். பின் வளையும், அல்லது போர்ட்டாஃபில்டர் நழுவும். அந்தத் தூளைக் கொட்டிவிட்டு கிரைண்டரை ஒரு புள்ளி தள்ளி வையுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும்: தூளின் பதமா, அளவா, சூடா என்று. மூன்றையும் ஒன்றாக மாற்றினால் எது உதவியது என்று கடைசிவரை தெரியாது.

★ அதே வகையில், கைப்பிடியை மேலே தூக்கியதும் பாய்லரின் வெந்நீர் தன் சொந்த அழுத்தத்தில் தூளுக்குள் இறங்குகிறது. அங்கே ஐந்து முதல் பத்து நொடி நிற்க வேண்டும். தூள் ஊறி உப்பி, இண்டு இடுக்கெல்லாம் அடைபட்டு, போர்ட்டாஃபில்டரின் மூக்கில் முதல் துளி எட்டிப்பார்க்கும்போது அழுத்தத் தொடங்கலாம். ஊறவிடாமல் அழுத்தினால் தண்ணீர் ஏதாவது ஒரு விரிசலைப் பிடித்து ஓடிவிடும். கோப்பையில் புளிப்பும் கசப்பும் ஒன்றாக வருவது அதனால்தான்.

★ தண்ணீர் பற்றி. பாய்லரிலிருந்து ஆவி போகிறது, உப்பு போவதில்லை. தீரத் தீர மேலே ஊற்றிக்கொண்டே இருந்தால் உள்ளே மிஞ்சும் தண்ணீர் நாளுக்கு நாள் கடினநீராகிறது. எனவே அவ்வப்போது ஆறிய மெஷினைக் கவிழ்த்துப் பாய்லரை முழுக்கக் காலி செய்துவிட்டு, புதுத் தண்ணீர் நிரப்புங்கள். காசில்லாத இந்த ஒரு வேலை, பல ரிப்பேர்களைத் தள்ளிப்போடும். போர்வெல் தண்ணீர் கடினநீராக வரும் வீடுகளில் அதை நேராக ஊற்றவே வேண்டாம்.

உப்பு படிந்துவிட்டதா? சிட்ரிக் ஆசிட், லிட்டருக்கு 20 கிராம் அளவில். நிறையப் போட்டுக் கொதிக்கவிட்டால் சீக்கிரம் கரையும் என்று தோன்றும். ஆனால் அடர்த்தியும் சூடும் கூடினால் கால்சியம் சிட்ரேட் என்ற புதுப் படிவு உருவாகி ஒட்டிக்கொள்ளும். வெதுவெதுப்பான நீரே போதும். குமிழிகள் வருவது நின்றதும் கொட்டிவிட்டு, நல்ல தண்ணீரில் பலமுறை அலசுங்கள். இரவு முழுக்க ஊறவிட்டால் அமிலம் உப்பை முடித்துவிட்டுப் பித்தளையைத் தின்னத் தொடங்கும்.

★ லா பவோனியின் சிறிய மாடலான யூரோப்பிக்கோலாவின் பாய்லர் 0.8 லிட்டர், ப்ரொஃபெஷனலுடையது 1.6 லிட்டர். பக்கவாட்டுக் கண்ணாடிக் குழாயில் நீர்மட்டம் அடியைத் தொடுமுன் அணைத்துவிடுவது அவசியம். சூடேற்றும் எலிமென்ட் தண்ணீருக்கு வெளியே தெரிந்தால் எரிந்துபோகும். அணைத்ததும் மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றலாமா? கூடவே கூடாது. நீராவிக் குழாயைத் திறந்து அழுத்தம் பூஜ்ஜியமாகி, சத்தமெல்லாம் அடங்கியபிறகுதான் மூடியைத் தொட வேண்டும்.

★ அணைத்த மெஷின் தானே பாலைக் குடிக்கும்! பாய்லர் ஆறும்போது நீராவி தண்ணீராகிச் சுருங்க, உள்ளே வெற்றிடம் உண்டாகிறது. நீராவிக் குழாயின் முனை பாலில் இருக்க, வால்வும் சரியாக மூடாமல் இருந்தால் பால் பாய்லருக்குள் போய்விடும். அதன் வாடையைப் போக்குவது பெரும்பாடு. நுரை கட்டியதும் குழாயைத் துடைத்து, ஒரு விநாடி ஆவியைச் சீறவிடுங்கள்.

★ ஜேம்ஸ் பாண்டும் லீவர் ஆசாமிதான். 1973-இல் வந்த ‘லிவ் அண்ட் லெட் டை’ படத்தில் ரோஜர் மூர் தன் வீட்டுச் சமையலறையில் லா பவோனியில் காபி போடுவார்.

★ எஸ்பிரெஸோவின் தாயகமான இத்தாலி, இந்தியக் காபியைப் பெருமளவில் வாங்கும் நாடுகளில் முன்வரிசையில் இருக்கிறது. நம் ரொபஸ்டாவில் நுரை கெட்டியாகக் கட்டும் என்பதால் எஸ்பிரெஸோ கலவைகளில் அதற்கு மதிப்பு. மேற்குக் கடற்கரையில் மழைக்காற்றில் ஊறவிட்டுப் பதப்படுத்தும் மான்சூன்ட் மலபாரும் அப்படியே; புளிப்பு குறைந்து வாய் நிறையும் கனம் கிடைக்கும். லீவர் மெஷினைப் பழகத் தொடங்குபவருக்கு இதைவிட நல்ல கொட்டை சொல்லமாட்டேன்.

★ கணினியே ஓட்டும் டீசன்ட் என்ற நவீன எஸ்பிரெஸோ மெஷினில், பழைய ஸ்பிரிங் லீவரின் இறங்குமுக அழுத்தத்தை அப்படியே நகல் செய்யும் அமைப்பு இருக்கிறது. நேபிள்ஸ் நகரின் பார்களில் இன்றும் அசல் லீவர்களே வரிசையாக நிற்கின்றன.

★ செகண்ட் ஹாண்டில் வாங்குகிறீர்களா? முதலில் அடியில் உள்ள தகட்டில் வோல்ட்டைப் பாருங்கள். இத்தாலியில் விற்றது நம் மின்சாரத்தில் ஓடும். அமெரிக்காவில் விற்ற 110 வோல்ட் மெஷினுக்குப் பெரிய டிரான்ஸ்ஃபார்மர் வேண்டியிருக்கும். இரண்டாவது, லா பவோனி என்றால் கிண்ணத்தின் விட்டத்தை அளந்துகொள்ளுங்கள். பழைய குரூப்புக்கு 49 மில்லிமீட்டர், ‘மில்லெனியம்’ எனப்படும் பிந்தைய குரூப்புக்கு 51. இது தெரியாமல் வாஷர் வாங்கினால் பொருந்தாது. வாஷர் போயிருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள், ஆனால் அதற்காக விட்டுவிடாதீர்கள். பாய்லரில் வெடிப்பு இருந்தால் மட்டும் வாங்காமல் திரும்பிவிடுங்கள்.